‘சொல்ல மறுத்தார்’ என்ற கட்டம்

கையெழுத்தம்மா என் கடைப் படியேறி வருகிறார் என்றாலே எங்கே ஓடி ஒளியலாம் என்று பார்ப்பேன். பொய் சொல்வானேன். நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. கூடவே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுப்பேன், லேமினேஷன் போட்டுக் கொடுப்பேன். மற்றவர்களுடைய ஒரு பக்கத்துக்கு எனக்குப் பத்து நிமிஷம் போதும். இந்த அம்மாளின் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போய்விடும். “இங்க ஒரு கமா இருந்துச்சே, எங்கப்பா போச்சு?” என்பார். கமாவுக்கு என்ன காலா இருக்கிறது, எழுந்து ஓட? தேடிப் பார்த்தால் நான்தான் விட்டிருப்பேன். அந்த எரிச்சல் தனி.

அவருக்கு வயது அறுபத்தாறு. அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பிறப்புப் பதிவேடு எழுதும் வேலையில் இருபத்தொன்பது வருஷம் இருந்தவர். பிள்ளை பிறந்ததும் அப்பன்காரன் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் நிற்பான். அவனைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்து, பெயர், தேதி, நேரம், எடை எல்லாவற்றையும் எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்து வாங்குவார். மேலதிகாரி கேட்டது கடைசியில் ஒரே ஒரு கையெழுத்துதான். இவருக்கு அது போதாது. “ஒரு எழுத்து மாறினா அந்தப் பிள்ளை அறுபது வயசு வரைக்கும் ஆபீஸ் ஆபீஸா அலையும்” என்பார். ஊர் வைத்த பெயர் அப்படி வந்ததுதான்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் வாக்காளர் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். தொடங்கும்போது ஏழு பேர். இரண்டு பேர் காலமானார்கள், ஒருவர் மகனோடு வெளியூர் போனார், ஒருவர் படுத்த படுக்கை, மிச்சம் இரண்டு பேர் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். இப்போது தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் இவர் ஒருத்தர்தான். அப்படியும் மாதம் ஒரு தடவை வாசகசாலையின் பின்னறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, கூட்டம் நடத்துவார். நடவடிக்கைக் குறிப்பு எழுதி என்னிடம் டைப் அடிக்கக் கொண்டுவருவார். முதல் வரியிலேயே ‘வந்தவர்: ஒருவர்’ என்று இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். அடித்து முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விடும்.

சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்று. சட்டமன்றத் தேர்தல் வரும்போது, தொகுதியில் நிற்கிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் போய் ஒன்பது கேள்வி கேட்பது. பிரசவ வார்டை மூடி நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கலாமா? விளைநிலத்தின் வழியாகப் புறவழிச்சாலை போடலாமா? விளைநிலத்தின் வழியாகப் புறவழிச்சாலை போடலாமா? இருபது பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளை மூடலாமா? வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு, தண்ணீருக்கு மீட்டர், ஓய்வூதியம் என்று இப்படி ஊரை இரண்டாகப் பிளக்கிற கேள்விகள்தான் எல்லாம். பதில்களை ஒரே தாளில் கட்டம் போட்டு அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். கொடுப்பார்கள் என்றேன் பாருங்கள், கொடுப்பார்.

கட்டம் மூன்று. ஆதரவு, எதிர்ப்பு, சொல்ல மறுத்தார். முதல் தடவை டைப் அடிக்கும்போதே சண்டைக்குப் போனேன். “வாயே திறக்காதவனுக்கு எதுக்குக்கா ஒரு கட்டம்? காலியா விட்டுட்டுப் போகலாமே?”

“காலியா விட்டா ஆளாளுக்கு இஷ்டத்துக்கு நிரப்பிக்குவாங்கப்பா. சொல்லலைங்கிறதும் ஒரு பதில்தான். எழுதி வை, ஜனங்களுக்குப் புரியும்.”

அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. மதுக்கடையில் பங்கு வைத்திருந்த வேட்பாளர் ஒருவர் அந்தக் கேள்விக்கு மட்டும் மென்று முழுங்கினார். தாளில் அவர் பெயருக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்தது. ஊரே கைகொட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இனி சொல்ல வேண்டியது, எனக்கு ஐந்து வருஷமாக நெஞ்சில் முள்ளாக இருக்கிற விஷயம். கையெழுத்தம்மாவுக்கு ஒரே மகள். புருஷன் போய் இருபது வருஷம் ஆகிறது. மகளைக் கட்டியவர் பத்துப் பன்னிரண்டு லாரி வைத்து நடத்துகிறவர், போன தேர்தலில் ஒரு பெரிய கட்சியின் வேட்பாளர். மருமகன் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் விடுகிற ஆளா இவர்? போனார், கேட்டார். சிறு பள்ளிகளை மூடுவது பற்றிய நாலாவது கேள்விக்கு அவர், “ஆதரிக்கிறேன் அத்தை. பதினேழு பிள்ளைங்களுக்கு மூணு வாத்தியார் எதுக்கு? பெரிய பள்ளிக்கு வந்தா ஆய்வுக்கூடம் இருக்கு, மைதானம் இருக்கு” என்று சொல்லி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அப்படி நினைப்பதில் தப்பொன்றும் இல்லை. பாதி ஊர் அப்படித்தான் நினைத்தது. மீதிப் பாதி, பிள்ளையை எட்டு கிலோமீட்டர் நடக்க விட முடியாது என்று நினைத்தது. மனுஷர் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.

தோற்றால் தோற்றேன் என்று போக வேண்டியதுதானே? வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம், “நான் எதிர்க்கிறேன்னு சொன்னேன். உங்கம்மா மாத்தி எழுதிட்டாங்க” என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. மகள் கல்யாணமாகிப் போன பிறகுதான் சங்கமே தொடங்கியது. அம்மா செய்கிற வேலையில் அவளுக்குத் தெரிந்தது கடைசியில் அச்சாகி வருகிற தாள் மட்டும்தான், ஆஸ்பத்திரியைப்போல இங்கேயும் வரிக்கு வரி கையெழுத்து வாங்குகிற விவரமெல்லாம் தெரியாது. புருஷன் சொன்னதை நம்பிவிட்டாள். போனில், “என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே” என்று கத்தியது என் மேஜை வரைக்கும் கேட்டது. இந்த அம்மாள் “சரி” என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். அத்தோடு பேச்சு நின்றது. பேரனுக்கு அப்போது இரண்டு வயது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் படிவத்தைப் பார்த்து டைப் அடித்தவன் நான். மாப்பிள்ளையின் கையெழுத்து, வாலை நீட்டிச் சுழித்து, ‘ஆதரவு’ என்பதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

“அக்கா, ஒரு ஜெராக்ஸ் எடுத்து மக மூஞ்சியில நீட்டுங்க. விஷயம் முடிஞ்சது” என்றேன்.

“நீட்டினா நான் ஜெயிச்சிடுவேன். அப்புறம் அவ யாரோடப்பா குடும்பம் நடத்துவா? கட்டினவன் பொய்யன்னு தெரிஞ்சுகிட்டு ஒரே வீட்டுல காலம் தள்ள முடியுமா? என் மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும். நான் தாங்குவேன். நீ வாயைத் திறந்தா அப்புறம் இந்தக் கடைப் படி ஏற மாட்டேன்.”

நல்லதாகப் போயிற்று, கமா தொல்லை ஒழியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயைத் தைத்துக்கொண்டேன்.

அந்த ஐந்து வருஷமும் அவர் எப்படி இருந்தார் என்று நான் பார்த்தேன். தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே மிஷின் ஓடுகிற வரைக்கும் ஏதோ சத்தம் இருக்கும், ஆறு மணிக்குத் தையல்காரர் கதவை அடைத்தால் அதுவும் போய்விடும். முழங்கால் தேய்ந்துபோய், செருப்பு மாட்டுவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு அஞ்சு நிமிஷம் போராடுவார். ஒரு தடவை நான் குனியப் போனேன். “என் கால் எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு” என்று வள்ளென்று விழுந்தார். பேரன் எத்தனாவது படிக்கிறான் என்பதை ஸ்கூல் வேன் டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

இந்தத் தேர்தலிலும் மாப்பிள்ளைதான் வேட்பாளர். மற்ற மூன்று பேரிடமும் போய் வந்தாயிற்று. இவரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். “கால் முடியலப்பா, ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுறியா?” என்று கேட்டார். கால் வலி பாதிதான், மீதி பயம். பழைய படிவங்கள் எல்லாம் அடங்கிய தடித்த ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, கட்சி ஆபீஸாக மாறியிருந்த மாப்பிள்ளை வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார். மகள் வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருகிறார், வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு. வந்திருப்பதோ படிவத்தோடு. என்ன சொல்ல.

மாப்பிள்ளையைச் சுற்றிக் கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். “வாங்க அத்தை” என்றார், கண்ணைப் பார்க்காமல்.

“நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை? ஒண்ணாவது கேள்வி. பிரசவ வார்டு.”

அவ்வளவுதான் குசலம். வார்டை மூடக் கூடாது என்றார் மாப்பிள்ளை. எழுதினார், வாசித்துக் காட்டினார், கையெழுத்து வாங்கினார். இரண்டாவது புறவழிச்சாலை. “சாலையும் வேணும், விவசாயியும் முக்கியம், எல்லாரையும் கலந்து பேசி…” என்று இழுத்தார். பாம்பும் சாகக் கூடாது, தடியும் நொறுங்கக் கூடாது.

“அது எந்தக் கட்டம் மாப்பிள்ளை?” என்று பேனாவைத் தாளுக்கு மேலே நிறுத்திக்கொண்டார் கையெழுத்தம்மா. பின்னால் இருந்த ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். கடைசியில் ‘ஆதரவு’ என்று வந்தது. கையெழுத்து. மூன்றாவது மதுக்கடை, ஆறு மணிக்கு அடைப்பதற்கு எதிர்ப்பு. கையெழுத்து.

“நாலு. இருபது பிள்ளைங்களுக்குக் குறைவான பள்ளிகளை மூடி, பெரிய பள்ளியோட சேர்க்கிறது.”

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கட்சிக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். “இந்தத் தடவையாவது நான் சொல்றதை அப்படியே எழுதுங்க அத்தை” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மடியில் ஃபைல் கனத்தது. உள்ளே ஐந்து வருஷத்துக்கு முந்திய அந்தத் தாள் இருக்கிறது. ஒரு நிமிஷம் போதும், இவர் முகத்தில் ஈயாடாமல் செய்துவிடலாம். என் விரல் நாடாவை அவிழ்க்கப் போயிருக்கும்போல. கையெழுத்தம்மா என் பக்கம் திரும்பாமலே ஃபைலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

அப்போதுதான் பார்த்தேன், உள்ளறை வாசலில் டீத் தட்டோடு மகள் நிற்கிறாள். அம்மாவின் குரல் கேட்டு வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“எதிர்க்கிறேன். ஒரு பள்ளியைக்கூட மூட விட மாட்டேன். போட்டுக்கோங்க” என்றார்.

கையெழுத்தம்மா எழுதினார். எழுதியதை வாசித்தார். “சரியா மாப்பிள்ளை?”

“சரி.”

தாளைத் திருப்பி வைத்து, ஓரத்தில் விரலை ஊன்றினார். “இங்க ஒரு கையெழுத்து.”

“ஒவ்வொண்ணுக்குமா கையெழுத்து?” வாசலிலிருந்து மகள் கேட்டாள்.

மாப்பிள்ளையின் பேனா நின்றுவிட்டது. கட்சிக்காரர் ஒருவர், பாவம், விவரம் தெரியாதவர், பெருமையாகச் சொன்னார்: “பின்னே? கையெழுத்தம்மான்னு சும்மாவா பேரு வந்துச்சு? வாசிச்சுக் காட்டி, ஒப்பம் வாங்காம அடுத்த கேள்விக்கு நகர மாட்டாங்களே.”

மகள் தட்டை ஜன்னல் மேடையில் வைத்தாள். டீ தளும்பித் தட்டில் வழிந்தது. “அம்மா” என்றாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டேன். “போன தடவை, இதே கேள்விக்கு, இவரு கையெழுத்துப் போட்டாரா?”

மாப்பிள்ளை தேள் கொட்டின திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். கையெழுத்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். சேலை நுனியால் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். ‘இல்லை’ என்று ஒரு சின்னப் பொய் சொன்னால் மகளின் வீடு அப்படியே நிற்கும். நான் மனசுக்குள் மன்றாடினேன், சொல்லித் தொலையுங்கள் அக்கா என்று. இருபத்தொன்பது வருஷம் ஒரு எழுத்தைக்கூட மாற்றி வாசிக்காத வாய், அது எங்கே சொல்லும்?

“எனக்குச் சொல்ல விருப்பமில்லம்மா” என்றார்.

அந்த மூன்றாவது கட்டத்தின் அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. மகளின் முகத்தில் ரத்தமே இல்லை.

“கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை. அஞ்சாவது கேள்வி, வாடகை” என்றார் கையெழுத்தம்மா. ஒன்பதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வாசலில் வழக்கம்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்போடு போராடத் தொடங்கினார். மகள் வந்தாள். அத்தனை பேர் பார்க்க, படியில் குத்த வைத்து உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தைப் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்து வாரை மாட்டிவிட்டாள். இந்த அம்மாள் வள்ளென்று விழவில்லை. மகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்மா” என்றாள் தரையைப் பார்த்தபடி.

ஸ்கூட்டரில் திரும்பிப் பாதி தூரம் வந்திருப்போம். என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “நான் ஒண்ணும் சொல்லலையேப்பா?”

“சொல்லலக்கா.”

“அஞ்சு வருஷம் கட்டிக் காத்ததை ஒரு நிமிஷத்துல கோட்டை விட்டுட்டேன். பொய் சொல்லியிருக்கணும். பெத்தவளுக்கு ஒரு பொய் சொல்லக்கூடவா வாய் வரல?” என்று அழுதார். நான் வண்டியை ஓரங்கட்டவில்லை. நிறுத்தினால் நானும் அழுதிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, நான் ஏதோ வேலை இருப்பதுபோல் அந்தத் தெருவில் மூன்று தடவை போய் வந்தேன். மடக்கு நாற்காலியை விரித்து ஜன்னலோரம் போட்டிருந்தார். பேரனுக்கென்று பிஸ்கட் பாக்கெட், அதுவும் இரண்டு விதம், அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரியாததால். மகள் வரவில்லை. “பிரச்சார நேரம்ல, வேலை இருக்கும்” என்றார் என்னிடம். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு நான் கேட்கவில்லை.

தாள் அச்சாகி வீடு வீடாகப் போயிற்று. மாப்பிள்ளை ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். பத்திரிகையில் போட்டோ வந்தது. அவர் இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறார், பக்கத்தில் மகள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையெழுத்தம்மா அதைப் பெரிதாக்கி ஒரு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, “இளைச்சிருக்காளான்னு பார்க்கத்தான்” என்றார். பிறகு மாப்பிள்ளை குடும்பத்தோடு தலைநகரத்துக்குப் போய்விட்டார், சட்டமன்ற உறுப்பினர் குடியிருப்புக்கு.

ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் மத்தியானம், சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்போடு கடைக்கு வந்தார். ‘வந்தவர்: ஒருவர்.’ இரண்டாவது பத்தியில் கமாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“அம்மா.”

“சொல்லும்மா.” கையிலிருந்த தாளை மேஜை மேல் வைத்தார்.

“சாப்பிட்டியா? கால் எப்படி இருக்கு?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பேரன் எப்படி இருக்கான்?”

“இங்க ஸ்கூல்ல சேர்த்தாச்சு. பெரிய ஸ்கூல்.” அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். “நான் வரலைன்னு கோவமாமா?”

“கோவம் என்னம்மா கோவம். உனக்கு எப்ப முடியுதோ அப்ப வா.” பிறகு, இவ்வளவு நாளும் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டார். “நீ சந்தோஷமா இருக்கியாடி?”

பதில் இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அங்கே எங்கேயோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது.

“வச்சிடறேன்மா” என்றாள் மகள்.

கையெழுத்தம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “என்னக்கா?”

“நீயும்தானே கேட்டே. ஒண்ணும் சொல்லல.”

எழுந்தார். சுவரைப் பிடித்தார். செருப்புக்குள் காலை நுழைக்கத் தொடங்கினார். “தலைநகரத்துக்கு எத்தனை மணிக்குப்பா பஸ்?”

“மூணு மணிக்கு ஒண்ணு இருக்கு. இந்தக் காலோடவா? துணி மணி எதுவும் எடுக்க வேண்டாமா?”

“வண்டியை எடு.”

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். குறிப்பு மேஜை மேலேயே கிடந்தது. கமா சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவர் என் கடையை விட்டுப் போனது அன்றைக்குத்தான்.